உடல் முந்துதலும் உள்ளம் பிந்துதலும்

ஒரு தேசத்தினின்றும் பிறிதொரு தேசத்துக்குச் சென்றவர், சின்னாட் கழிந்தபின், காரணந் தோன்றாத வெகுளியுஞ் சோர்வும் அடைதலைப் பலகாலுங் காண்கின்றோம். கலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியலறிஞர் 1954 ஆம் ஆண்டிலே பிரேசில் தேசத்து ரியோ டி ஜெனீரோ நகரிற் பேசியவிடத்து, பழகிய குறிகள் யாவும் ஒருங்கே மறைந்துபோதலே இதற்குக் காரணமென விளக்கினார். கைகொடுப்பது எப்போது, விருந்தழைப்பை மறுப்பது எப்போது என்பன போன்ற சிறியனவே அவர் கூறிய குறிகள்.

முற்காலத்திலே கொழும்பினின்றும் நீராவிக்கப்பலில் இலண்டனுக்குச் சென்றோர், 1869 இலே சுவெஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னரும், மூன்று கிழமையளவு கடலிலே கழித்தனர். ஏடனிலே வேறு காற்று, போட் செயிட்டிலே வேறு பேச்சு, அப்பாற் குளிர் என ஒவ்வொன்றாய் வந்தன. முட்கரண்டி பிடிக்கவுங் கப்பலிலேயே பழகிக்கொண்டனர். இன்றோ விமானம் ஏறக்குறையப் 11 மணி நேரத்திலே கொண்டுபோய் இறக்கிவிடுகின்றது. முதனாட் கிணற்றடியில் நீராடியவர், மறுநாள் ஒருவரோடொருவர் பேசாத இரயில்வண்டிக் கூட்டத்தினிடையே நிற்கின்றார். உடல் சேர்ந்துவிட்டது, உள்ளமோ இன்னும் வழியிலே நிற்கின்றது.

ஈண்டு ஒரு வினா எழும். அந்நிய வழக்கத்தைக் கண்டவுடன் நம்முள் எழும் வெறுப்பு தருமத்தின் குரலோ, வெறும் பழக்கத்தின் குரலோ?

இதில் நாமே பிழைத்ததுண்டு. 1983 ஆம் ஆண்டின் பின் இலண்டனிற் குடியேறிய குடும்பமொன்றின் பிள்ளை, பத்து வயதினன், விடுமுறைக்கு வந்து நம் வீட்டு மாலைவகுப்பிலே சிலநாள் அமர்ந்தான். ஒருநாள் அவனைக் கடிந்தபோது, நம் கண்ணை நேரே நோக்கி நின்றான். இறுமாப்பென்றெண்ணி வெளியே நிறுத்திவிட்டோம். அன்றிரவு அவன் பாட்டியார் வந்து, "ஆசிரியர் பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமென்றுதான் அங்கே பழக்கியிருக்கிறார்கள், வாத்தியார், என்ன பிழை செய்தேனென்று அழுதுகொண்டிருக்கிறான்" என்றார். நம்மூர்ப் பிள்ளை அங்கே சென்று கண்ணைத் தாழ்த்தினால், குற்றத்தை ஒளிக்கின்றானென ஐயுறுவாருமுளர் அன்றோ! பணிவு ஒன்றே, கண்ணின் நிலைதான் இரண்டு.

அங்ஙனமாயின் எல்லாம் வெறும் வழக்கமேயென்று தள்ளிவிடலாமோவெனின், அற்றன்று. குருடனை எள்ளி நகைத்தல் எக்கரையிலுங் கொடுமையே. கண்ணை உயர்த்தலுந் தாழ்த்தலும் வழக்கம். குற்றமற்றவனை வருத்தாமை ஒழுக்கம். அவ்வளவுகொண்டு நோக்கின், அன்று வகுப்பிலே ஒழுக்கந் தவறியவன் மாணாக்கனல்லன். ஆயினும் வழக்கத்தை இகழவும் மனம் ஒருப்படவில்லை. வணங்கிய தலையினாலன்றோ நம்மிற் பலர் வணக்கத்தின் பொருளைப் பின்னர் உணர்ந்தோம்.

மறுநாள் நாமே அவனை அழைத்து, நம் பிழையைச் சொன்னோம். அப்போதும் நேரே நோக்கினான். மூன்றாங் கிழமையிலே, யாருஞ் சொல்லாமலே, பிற பிள்ளைகளைப் போலக் கண்ணைத் தாழ்த்தி நின்றான். நாம் மகிழ்ந்தோம், உடனே அஞ்சினோம். நான்கு நாளில் விமானமேறித் தன் ஆசிரியர் முன் அவன் அங்ஙனமே நிற்பானாயின், அவனுக்காக அங்கே பேசப் பாட்டியார் இரார்.