ஆட்டமும் ஆளும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குப் பேருந்தில் அதிக நேரம் ஆவதில்லை. மேற்கே மலைத்தொடர் உடன் வர, அந்தச் சிறு பயணத்துக்குள் உலக விவகாரங்கள் யாவும் அலசி முடிக்கப்பட்டுவிடும். 2024ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு மாலைப் பொழுது. நமக்கு முன் இருக்கைகளில் இளைஞர் நால்வர் அமர்ந்திருந்தனர். ஐ.பி.எல். கிரிக்கெட் அணிகளுக்கான வீரர்கள் ஏலம் அம்மாதம் 24, 25 தேதிகளில் நடக்கவிருந்தது. ஹஜ்ஜுப் பயணிகள் சென்று இறங்கும் ஜித்தா மாநகரில் அவ்வாண்டு ஏலம். யாரை எந்த அணி எடுக்க வேண்டும் என்பதுதான் அந்நால்வரின் வாதம்.

"ஆட்டத்துல அவன் சிங்கம்தான். ஆனா ஆள் சரியில்ல. அவனை எடுத்தா அணிக்கே கெட்ட பேரு" என்றார் ஒருவர்.

"ரன் அடிச்சாப் போதாதா? நாம என்ன மாப்பிள்ளையா பாக்குறோம்?" என்றார் மற்றவர்.

பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் மெல்லக் குனிந்து, "தம்பி, அந்தப் பையன் தப்புச் செஞ்சதை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"எல்லாரும் சொல்றாங்களே அண்ணாச்சி!"

பெரியவர் பதில் கூறவில்லை. ஆனால், 'எல்லாரும் சொல்கிறார்கள்' என்ற அந்தச் சொற்கள் நம்மைத் தைத்தன. மாப்பிள்ளை பார்ப்பது பற்றிய பேச்சு அதைவிட ஆழமாகத் தைத்தது. காரணத்தை மறைப்பதற்கில்லை. பல்லாண்டுகளுக்கு முன் பெண் வீட்டார் ஒருவர் நம்மிடம் வந்து, தாம் சம்பந்தம் பேசவிருந்த இளைஞரைப் பற்றி விசாரித்தார். நமக்கு அவ்விளைஞரை முகம் தெரியும், அவ்வளவே. எனினும் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "கையில் காசு நிற்காது என்று சொல்லிக்கொள்கிறார்கள்" என்றோம். அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. தம் தமையன் பட்ட கடனைத் தீர்க்கவே அவர் தம் சம்பளத்தையெல்லாம் கொடுத்துவந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. எந்தக் குணத்துக்காக அவரை மெச்சியிருக்க வேண்டுமோ, அதையே குற்றமாக்கி அவர் மீது சுமத்திவிட்டோம்.

ஆகவே, இக்கட்டுரையை நாம் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்து எழுதவில்லை.

கேள்வி இதுதான். ஒருவரை அவருடைய திறமைக்காகத் தேர்ந்தெடுக்கும் வேளையில், அவருடைய ஒழுக்கத்தையும் எடை போடலாமா? போடலாம் எனில், எடை போடும் உரிமை யாருக்கு?

திறமை ஒன்றே போதும் என்பாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள். காயத்தில் சுற்றும் துணி தூயதாக இருக்கிறதா என்றுதான் மருத்துவர் பார்க்கிறார். நெய்தவர் அண்டை வீட்டாரோடு சண்டை போட்டாரா என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பந்தடிப்பவரிடம் மட்டும் ஏன் வேறு கணக்கு?

ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. பேருந்து ஓட்டுநரின் குடிப்பழக்கத்தை அவருடைய சொந்த விஷயம் என்று பயணிகள் விட்டுவிட முடியாது. காவலாளியின் கை சுத்தமா என்று கேட்பதும் வீண் விசாரணையன்று. எந்தப் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கிறோமோ, அந்தப் பொறுப்பைத் தொடும் ஒழுக்கத்தை விசாரித்தே ஆக வேண்டும். விளையாட்டு வீரரிடம் நாம் ஒப்படைப்பது ஓட்டங்களின் கணக்கை மட்டுமன்று. அவருடைய முடிவெட்டைக்கூட நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படியே வெட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் கண் அவர் மீது இருக்கிறது. எனவே, அவர் நடத்தை முற்றிலும் அவருக்கு மட்டுமே உரியது என்று சொல்வதற்கில்லை.

இவ்விரண்டு நியாயங்களுக்கும் நடுவே வழி காண, நடந்தவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

2019 ஜனவரியில் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஹார்திக் பாண்டியா, கே.எல். ராகுல் என்னும் இரு வீரர்கள் கலந்துகொண்டிருந்தார்கள். அதில் பெண்களைப் பற்றிப் பேசிய விதம் நாடெங்கும் முகம் சுளிக்க வைத்தது. கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அவர்களை இடைநீக்கம் செய்து ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அழைத்தது. பின்னர், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி டி.கே. ஜெயின் வாரியத்தின் நடுவராக இருந்து விசாரித்தார். ஆளுக்கு 20 லட்ச ரூபாய் செலுத்துமாறு அவ்வாண்டு ஏப்ரலில் உத்தரவிட்டார். பணியில் உயிர் நீத்த துணை இராணுவப் படைக் காவலர்கள் பத்துப் பேரின் குடும்பங்களுக்குத் தலா ஒரு லட்சம், பார்வையற்றோர் கிரிக்கெட்டின் வளர்ச்சிக்குப் பத்து லட்சம் என்று அப்பணம் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. இங்கே குற்றம் வதந்தியன்று. அவர்கள் வாயாலேயே, ஊர் அறியச் சொன்னது. விசாரணை நடந்தது. தண்டனைக்கு ஓர் அளவும் ஒரு முடிவும் இருந்தன.

ஆனால், இரசிகர்களின் தராசு அப்படி இயங்கவில்லை. 2024ஆம் ஆண்டின் ஐ.பி.எல். போட்டிகளில் இதே பாண்டியா மும்பை அணிக்குத் தலைவரானபோது, மைதானம் மைதானமாக ஏளனக் கூச்சல் எழுந்தது. அவர் செய்த குற்றம், ரோஹித் சர்மாவின் இடத்துக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில், ஜூன் 29 அன்று, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரை வீசி வெற்றி தேடித் தந்தபோது, அதே இரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். இடையில் அவருடைய ஒழுக்கத்தில் என்ன மாற்றம் நேர்ந்தது? ஒன்றுமில்லை. ஒழுக்கத்தை நிறுப்பதாகச் சொல்லிக்கொண்டு நாம் நிறுப்பது பெரும்பாலும் வெற்றி தோல்வியைத்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அமெரிக்க நாட்டில் கல்லூரிக் கால்பந்து வீரர்களைத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. 2016 ஏப்ரல் 28 அன்று லாரமி டன்சில் என்னும் மாணவ வீரர் முதல் சிலருள் ஒருவராகத் தேர்வாவார் என்று எதிர்பார்க்கப்பட்டது. தேர்வு தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன், அவருடைய சமூக ஊடகக் கணக்கிலேயே, முகமூடி அணிந்து அவர் கஞ்சா புகைக்கும் பழைய காணொளியொன்றை யாரோ வெளியிட்டுவிட்டார்கள். அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் தாண்டிச் சென்றன. 13ஆவது இடத்தில்தான் மயாமி அணி அவரை எடுத்தது. இடம் இறங்க இறங்க ஊதியமும் இறங்கும். பெருந்தொகை கை நழுவிற்று. பின்னாளில் அவர் தம் துறையில் மிக உயர்ந்த ஊதியம் பெறுவோருள் ஒருவரானார் என்பது வேறு கதை. அவர் செய்தது தவறே. ஆனால், அத்தவறு அவரையன்றி யாரை வருத்தியது? நேரம் பார்த்து அதை வெளியிட்டவரின் ஒழுக்கம் பற்றி அன்று எத்தனை பேர் விவாதித்தார்கள்?

இதற்கு நேர்மாறாக, 2020ஆம் ஆண்டில் அங்கே பனிவளைகோல் ஆட்ட அணியொன்று ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. பள்ளிப் பருவத்தில் அவர், தம் வகுப்புத் தோழரான ஊனமுற்ற கறுப்பினச் சிறுவரைக் கொடுமைப்படுத்தியதற்காகச் சிறார் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர். அச்செய்தி பரவியதும் அவர் மீதான உரிமையை அணி கைவிட்டது. சிறு வயதில் செய்ததற்காக அவர் பெயரை நாம் இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால், இந்த வழக்கும் கஞ்சா புகைத்தவரின் வழக்கும் ஒன்றாகுமா? ஆகா.

நம் மார்க்க அறிஞர்கள் இறைவனுக்குரிய உரிமை என்றும், அடியார்களுக்குரிய உரிமை என்றும் இரண்டாகப் பிரித்துள்ளனர். முன்னதில் தவறியவன் மனம் வருந்தி இறைவனிடம் மீண்டால் போதும். பின்னதில், பாதிக்கப்பட்டவருக்குரியதைத் திருப்பித் தர வேண்டும். அவருடைய மன்னிப்பையும் பெற வேண்டும். இதைச் சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படும். கொடுமைக்கு ஆளான சிறுவரின் சார்பில் மன்னிக்கும் அதிகாரம் அணி முதலாளிக்கும் இல்லை. கைதட்டும் இரசிகர்களுக்கும் இல்லை. "அதெல்லாம் பழங்கதை, விட்டுத் தள்ளுங்கள்" என்று சொல்பவர் தமக்குச் சொந்தமில்லாத பொருளைத் தானம் செய்கிறார்.

இனி, குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. இலங்கை வீரர் தனுஷ்க குணதிலக 2022 நவம்பரில் சிட்னி நகரில் பாலியல் குற்றச்சாட்டின் பேரில் கைது செய்யப்பட்டார். அவருடைய நாட்டு வாரியம் அவரை இடைநீக்கம் செய்தது. 2023 செப்டம்பரில் அங்குள்ள நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அடுத்த மாதம் தடை நீங்கிற்று. இடைப்பட்ட மாதங்களில் தீர்ப்பு வழங்கிவிட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் தம் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர் எத்தனை பேர்? ஜித்தா ஏலத்தில் 1.10 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்ட வைபவ் சூர்யவன்ஷிக்கு அப்போது வயது 13. அச்சிறுவரின் வயதே பொய் என்று பேச்சுக் கிளம்ப, எலும்புப் பரிசோதனை முன்பே நடந்திருக்கிறது என்று தந்தை விளக்கம் அளிக்க நேர்ந்தது. குழந்தையும் நம் நாவுக்குத் தப்பவில்லை.

அப்படியானால், பிறர் நடத்தை பற்றி வாய் திறவாதிருப்பதுதான் அறமா? அதுவும் இல்லை. 2023 ஜனவரியில் நம் நாட்டு மல்யுத்த வீராங்கனைகள் டில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து, தம் கூட்டமைப்பின் தலைமை மீது பாலியல் புகார்களை எழுப்பினார்கள். அவர்கள் மௌனம் காத்திருந்தால் வழக்குப் பதிவாகியிருக்குமா? 'புறம் பேசாதே' என்னும் நல்லுரை பலம் உள்ளவருக்குக் கவசமாகவும், பலம் அற்றவருக்கு வாய்ப்பூட்டாகவும் ஆகிவிடக் கூடாது.

இந்தச் சிக்கலை முன்னோர் அறிந்தே இருந்தனர். புறம் பேசுதலைக் கடுமையாகக் கண்டித்த மார்க்கத்திலேயே, இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அதற்கு ஆறு விதிவிலக்குகளை வகுத்துத் தந்துள்ளார்கள். அநீதிக்கு ஆளானவர் நீதி வழங்க வல்லவரிடம் முறையிடுவது அவற்றுள் முதலாவது. ஒருவன் ஊர் அறியச் செய்யும் தீமையை, அந்த அளவுக்கு மட்டும் சொல்வது மற்றொன்று. ஆபத்தைக் குறித்து எச்சரிப்பது இன்னொன்று. மண சம்பந்தம் குறித்து ஆலோசனை கேட்டவருக்கு உண்மை உரைப்பதும் இதனுள் அடங்கும். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அம்மையார் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி வினவியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் ஒளிக்காமல் எடுத்துரைத்தார்கள். ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். கேளிக்கைக்காக அன்று, மார்க்கத்தைக் காக்கும் பொறுப்பு இருந்ததால்.

ஆக, பேசுவதா, பேசாதிருப்பதா என்பது மட்டும் கேள்வியன்று. பேசும் தேவை யாருக்கு இருக்கிறது, தேவைக்கு மேல் பேசுகிறோமா, அறிந்ததைப் பேசுகிறோமா என்பனவே கேள்விகள். ஓர் அணிக்கு ஆள் எடுப்பவருக்கு அத்தேவை உண்டு, அவர் விசாரிக்கட்டும். பாதிக்கப்பட்டவருக்கு உரிமையே உண்டு. அவர் சொல்லட்டும், நாம் செவி கொடுப்போம். பேருந்தில் பயணம் செய்யும் நமக்கோ, கைதட்டாமல் இருக்கும் உரிமை உண்டு. கேள்விப்பட்டதை நிரூபிக்கப்பட்டதாக்கும் உரிமை இல்லை.

இன்னும் ஒன்று. தண்டனைக்கு எல்லை வேண்டும். சூதாட்டப் புகாரில் 2013இல் ஆயுள் தடை பெற்ற வீரர் ஸ்ரீசாந்தின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் அந்த ஆயுள் தடையை நீக்கி, தண்டனையின் அளவை மறுபரிசீலனை செய்யுமாறு வாரியத்துக்குக் கட்டளையிட்டது. தடை ஏழாண்டாகக் குறைந்து 2020 செப்டம்பரில் முடிந்தது. 2021ஆம் ஆண்டு ஏலத்துக்குப் பெயர் கொடுத்தார். இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அப்போது அவருக்கு வயது 38. வயது காரணமா, பழைய வடு காரணமா என்று நாம் ஊகிக்க வேண்டாம். ஆனால், நீதிமன்றம் வைத்த முற்றுப்புள்ளியை ஊர் வாய் ஏற்றுக்கொள்வதில்லை என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் தெருவிலேயே கண்டிருக்கிறோம்.

இராஜபாளையத்தில் இறங்கும்போது அவ்விளைஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசிய வீரர் அவர்கள் பேச்சைக் கேட்கப் போவதில்லை. அவருடைய ஏல விலையும் அதனால் ஒரு ரூபாய் குறையாது. ஆனால், அங்கே பழகிய நாக்கைத்தான் அவர்கள் நாளை வீட்டுக்கும் கொண்டு செல்வார்கள். அண்டை வீட்டுப் பிள்ளையைப் பற்றி யாரேனும் விசாரித்து வருவார்கள். அன்று அந்த நாக்கு எப்படிப் புரளும்?

நம் சொல்லால் சம்பந்தம் இழந்த அந்த இளைஞரைப் பிற்காலத்தில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் கண்டோம். தம் பிள்ளைகளுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்து மலர்ந்து ஸலாம் உரைத்தார். நாம் சொன்னது அவருக்குத் தெரியாது. பதில் ஸலாம் சொன்னோம். மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. அந்தக் கடன் இன்னும் நம் கணக்கில் நிற்கிறது.

"எனக்குத் தெரியாது" என்பதும் ஒரு சாட்சியமே. சில வேளைகளில் அதுவே முழுமையான சாட்சியம். அதைச் சொல்லும் துணிவை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முன், நாம் கற்றுக்கொள்வோமாக.