ஐந்தடிப் பாதை

சிக்காகோவில் நான் இருந்தது எட்டு வாரம். 2019 ஜனவரி முதல் வாரத்தில் போய், மார்ச் பிறப்பதற்குள் திரும்பிவிட்டேன். ஆய்வுக்காக 1960-களின் தமிழ்ச் சிற்றிதழ்கள் சிலவற்றைப் பார்க்க வேண்டியிருந்தது. மதுரையிலும் சென்னையிலும் தேடிச் சலித்த இதழ்கள், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ரீகன்ஸ்டைன் நூலகத்தில் இருந்தன. அவை அங்கே போன கதை நம் ரேஷன் கடை வரிசையில் தொடங்குகிறது. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வந்த கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் அமெரிக்க நூலகங்களுக்காக இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அனுப்பினார்கள். நம் தாத்தாக்கள் சாப்பிட்ட கோதுமைக்கு ஈடாகக் கப்பலேறிய தாள்களைத் தேடித்தான் நான் விமானம் ஏறினேன்.

பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹைட் பார்க் பகுதியில், மூன்றடுக்குச் செங்கல் வீடு ஒன்றின் நடு மாடியில் ஓர் அறை. எட்டு வாரம்தானே என்று பெட்டியை முழுதாகத் திறக்கவில்லை. மேலாக இருந்த நாலு உடுப்புகளையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டேன். மேல்மாடியில் இருப்பவரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அதை அப்போது அடக்கம் என்றே நினைத்திருந்தேன். எனக்கு உரிமையில்லாத இடத்தில் எதையும் தொடாமல், யாருக்கும் தொந்தரவில்லாமல், வந்த வேலையை முடித்துக்கொண்டு போவதுதான் மரியாதை என்று.

ஜனவரி நடுவில் ஒரு காலை, விடிந்து பார்த்தால் தெரு வெள்ளையாகக் கிடந்தது. கீழ்வீட்டு அம்மா, எழுபதைக் கடந்தவர், வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். கையில் நீளக் காம்பும் அகல முகமும் உள்ள ஷவல். நான் காலை வணக்கம் சொன்னேன். அவரும் சிரித்துச் சொன்னார். அவர் தள்ளி வைத்திருந்த பாதை வழியாகவே நடந்து நூலகத்துக்குப் போய்விட்டேன்.

அன்று பகல் முழுதும் மனசு ஓடவில்லை. எங்கள் தெருவில் மார்கழி விடியலில் ஒவ்வொரு வீட்டாரும் தம் வாசலோடு நிற்காமல் தெருவின் பாதிவரை கூட்டித் தெளிப்பார்கள். நாலு நாள் தங்க வரும் அத்தைகூட மறுநாள் விடிந்ததும் விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிடுவார். அவரை விருந்தாளி என்று யாரும் உட்கார வைத்ததில்லை, அவரும் உட்கார்ந்ததில்லை. அந்த அத்தை வயதில் ஒருவர் குனிந்து தள்ளிய பாதையில் நான் பூட்ஸ் நனையாமல் நடந்து போயிருக்கிறேன். வேறு ஊர், வேறு மொழி என்றதும் எனக்குள் இருந்த பழக்கம் எங்கே போயிற்று? கொஞ்ச நாளில் போகப்போகிறவர் ஓர் இடத்துக்கு என்ன கடன்பட்டவர் என்ற கேள்வி அன்றுதான் என்னிடம் வந்து உட்கார்ந்தது.

மாலையில் கீழ்வீட்டு அம்மாவின் கதவைத் தட்டி, அடுத்த முறை நான் தள்ளுகிறேன் என்றேன். "எட்டு வாரம் இருக்கப் போகிறவருக்கு ஏன் இந்த வேலை என்றுதான் உங்களிடம் கேட்கவில்லை" என்றார். பிறகு தேநீர் கொடுத்துப் பாடம் நடத்தினார். தூக்கி எறியக் கூடாது, தள்ளிக்கொண்டே போக வேண்டும். தூக்கியே ஆகவேண்டுமென்றால் முழங்காலை மடக்கி எழ வேண்டும், முதுகை வளைக்கக் கூடாது. பொடியாக விழும் பனி பஞ்சுபோல, ஈரப்பனியோ நனைந்த மெத்தை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனி தள்ளும்போது மாரடைத்து இறப்பவர்கள் உண்டு என்பதால் நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்திவிட வேண்டும். தன் கட்டிடத்தை ஒட்டிய நடைபாதையில் ஐந்தடி அகலத்துக்குப் பனியை அகற்றுவது உரிமையாளரின் கடமை என்று நகரத்தின் சட்டம் சொல்கிறது. ஏன் ஐந்தடி என்று கேட்டேன். சக்கர நாற்காலியில் வருபவர், தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவருபவர், எதிரே நடந்து வருபவர், எல்லாரும் போக வேண்டாமா என்றார்.

சிக்காகோவில் பனி அள்ளுவது பெரிய விஷயம். 1979 ஜனவரியில் கொட்டிய பனியை நகராட்சி சரியாக அகற்றவில்லை என்ற கோபம், பிப்ரவரியில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்தலிலேயே அன்றைய மேயர் மைக்கேல் பிலாண்டிக்கைத் தோற்கடித்தது. அவரை வென்ற ஜேன் பைர்ன் அந்த நகரத்தின் முதல் பெண் மேயரானார். அந்த வாக்குகளில் ஒன்று தன்னுடையது என்று சொல்லும்போது கீழ்வீட்டு அம்மாவின் முகத்தில் நாற்பது ஆண்டு கழித்தும் ஒரு நிறைவு. அவருடைய பெற்றோர் மிசிசிப்பியிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பினத்தவர். தெற்கின் அடக்குமுறையிலிருந்து தப்பி வடக்கே வந்த பல லட்சம் பேரில் இருவர். வெயில் ஊரிலிருந்து வந்த தன் அம்மா முதல் பனியைக் கண்டு அழுதாராம். அப்போது யாரோ ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல், வாசலைத் தள்ளிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அவர் யார் என்பதை அந்தக் குடும்பம் கடைசிவரை அறியவில்லை.

ஜனவரி கடைசியில் இரண்டு நாள் பனி கொட்டியது. பின்னாலேயே துருவக் காற்று இறங்கியது. 30-ஆம் தேதி காலை வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸ். பள்ளிகளை மூடிவிட்டார்கள். எந்த வானிலையிலும் நிற்காது என்று பெயர் வாங்கிய தபால்கூட அன்று வரவில்லை. தண்டவாளங்கள் பிரியும் இடங்களில் உறையாமல் இருக்க எரிவாயுச் சுடரை ஏற்றி வைத்திருந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இரும்புக்கு அருகே நெருப்பு வரிசையாக நின்று எரிந்தது.

நமக்குப் பனி என்றால் விடியலில் புல்நுனியில் நிற்பது, பனியில் நிற்காதே என்று தலையில் துணி போர்த்திவிடும் பாட்டியின் குரல். அந்த ஒரு சொல்லையே இதற்கும் சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்தக் குளிரில் பனியை மிதித்தால் கற்பூரக் கட்டியை மிதிப்பதுபோல் நொறுங்கிக் கீச்சிட்டது. மூச்சு இமைமயிரில் உறைந்து கண் ஒட்டிக்கொண்டது. நான் பத்து நிமிடம் தள்ளுவேன், உள்ளே வந்து கையைச் சூடேற்றிக்கொள்வேன், மறுபடி போவேன். அத்தகைய குளிரில் உப்புத் தூவியும் பயனில்லை, பனிக்கட்டி இளகுவதில்லை. கதவோரம் ஒரு பழைய வாளி நிறைய மணல் இருந்தது. அள்ளுவதற்கு உள்ளே ஒரு தயிர்க் கிண்ணம். அந்த மணலைத் தூவி வைத்தேன். அன்று அந்தத் தெருவில் ஏறக்குறைய யாருமே நடக்கவில்லை. ஆனாலும் ஐந்தடி இருந்தது.

அடுத்த வாரத் தொடக்கத்திலேயே காற்று திரும்பி, அவ்வளவு பனியும் உருகிச் சாக்கடையில் ஓடிவிட்டது. நான் பாடுபட்ட இடம் எது என்றே தெரியவில்லை. எனக்கு வருத்தமாக இல்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. அந்த வாரம்தான் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் அடுக்கினேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஹார்ப்பர் நூலகக் கட்டிடத்தைப் பார்க்கப் போனேன். ரீகன்ஸ்டைன் 1970-இல் திறக்கும்வரை அதுதான் பல்கலைக்கழகத்தின் முதன்மை நூலகம். 1962-இல், தாம் அங்கே சேர்ந்த தொடக்க நாட்களில், இதேபோல் ஒரு சனிக்கிழமை கவிஞர் ஏ.கே. ராமானுஜன் அதன் அடித்தளத்துக்குப் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் போனார். கையில் அகப்பட்டது உ.வே. சாமிநாதையரின் 1937 குறுந்தொகைப் பதிப்பு. அலமாரிகளுக்கிடையே தரையில் உட்கார்ந்து புரட்டினார். மைசூரில் வளர்ந்த தமிழர் அவர். வீட்டில் பேசியது தமிழ், ஆனால் சங்கப் பாட்டைப் படித்தவரல்லர். உ.வே.சா.வின் உரைநடை அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. அந்த உரையைப் பிடித்துக்கொண்டே பாட்டுக்குள் போனதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஐந்தே ஆண்டில், 1967-இல், அவருடைய குறுந்தொகை ஆங்கில மொழிபெயர்ப்பு நூல் வந்தது.

இதைப் பலமுறை வகுப்பில் கேட்டிருக்கிறேன். ராமானுஜனின் மேதைமை என்றே ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டேன். அந்தக் கட்டிடத்தின் படியில் நின்றபோது என் நினைவு முழுதும் உ.வே.சா.விடம் போயிற்று. குறுந்தொகைக்குப் பழைய ஆசிரியர்கள் எழுதிய உரை கிடைக்காமல் போனதால் தாமே உரை எழுதினார். அது அச்சாகும்போது அவருக்கு 82 வயது. ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த உடம்பு அது. பதவுரை, கருத்து, விளக்கம், வேறு இடங்களில் வரும் ஒத்த வரிகள் என்று, கால் வழுக்கும் இடமெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதி வைத்தார். அந்த வழியே யார் வருவார் என்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. அவர் 1942-இல் மறைந்து இருபது ஆண்டு கழித்து, மிசிகன் ஏரிக்கரை நகரமொன்றின் நிலவறைக்கு வந்து சேர்ந்தவர் அந்த வழியில் நடந்தார்.

நான் தேடிப்போன சிற்றிதழ்களையும் அப்படித்தான் யாரோ பட்டியலிட்டு, அட்டை போட்டு வைத்திருந்தார்கள். முந்நூறு பிரதி அச்சிட்டு நாலு இதழில் நின்றுபோன பத்திரிகை ஒன்று. அதன் நூலக அட்டையில் தமிழ்ப் பெயரை எழுத்துப் பிசகாமல் உரோமன் எழுத்தில் பெயர்த்திருந்தார்கள். நான்காம் இதழின் உள்ளட்டையில் கிழிசலை மெல்லிய தாள் வைத்து ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

கிளம்புவதற்கு முந்தின மாலை கீழ்வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுக்கப் போனேன். மணல் வாளி பாதிக்குமேல் காலியாகியிருந்தது, எங்கே நிரப்புவது என்று கேட்டேன். அது தன்னுடையது அல்ல என்றார். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் என் அறையில் சில மாதம் தங்கியிருந்த கொரிய மாணவி வாங்கி வைத்ததாம். தபால்காரர் வாசலில் சறுக்கி விழப் பார்த்ததைக் கண்டு, அன்றே கடைக்குப் போய் மணலைத் தோளில் சுமந்து வந்தாராம். தயிர்க் கிண்ணமும் அவருடையதுதான். அதன் அடியில் தேய்ந்து கிடந்த எழுத்துகளை இரண்டு மாதமாகத் தினமும் பார்த்தும், என்ன மொழி என்று நான் யோசித்ததில்லை.

மணல் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கடை எட்டு மணிவரை திறந்திருந்தது.