கம்பி இடைவெளி

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் கிளம்பிய பிறகு, யாருக்கும் ஒதுக்கப்படாமல் மிஞ்சியது அந்தக் கிளி மட்டும்தான். மோட்டார் சைக்கிள் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போனது. சட்டைகளை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தோம். கிளியை வேண்டாம் என்று சொல்ல மட்டும் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. பிளாட்டில் இடம் இல்லை, பிள்ளைக்கு இளைப்பு, வீட்டில் பூனை இருக்கு. கடைசியில் அது பாட்டியோடு ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பாட்டிக்கு வயது எண்பத்தைந்து, கிளிக்குப் பன்னிரண்டு. இந்த வகைக் கிளி வீட்டில் இருபத்தைந்து முப்பது வருஷம்கூட இருக்கும் என்பதால், இரண்டு பேரும் கடைசியில் என் பொறுப்புதான் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள பச்சைக்கிளி. காட்டில் பிடித்ததல்ல, கடையில் வாங்கிய, கூண்டிலேயே பொரித்த குஞ்சு. நம் காட்டுக் கிளிகளை அனுமதி இல்லாமல் வளர்ப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மாமா அந்த விஷயத்தில் கவனமானவர், ரசீதை சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். கூண்டு விஷயத்தில் அந்தக் கவனம் இல்லை. அது வட்டக்கூண்டு, மேலே கோபுரம் மாதிரி குவிந்தது, பார்க்க அழகு. நாடா வைத்து அளந்தேன். குறுக்களவு 35 சென்டிமீட்டர். கிளியின் நீளம் வாலோடு சேர்த்து சுமார் 40. இறக்கையை விரித்தால் 42இலிருந்து 48 வரை வரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பன்னிரண்டு வருஷமாக எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான். தீபாவளிக்குத் தீபாவளி போய் அதோடு போட்டோ எடுத்தவன் நான். வால் நுனி எப்போதும் தேய்ந்து பிரிந்திருக்கும். அதன் ஜாதி அப்படி என்று நினைத்திருந்தேன்.

சரி, நல்ல கூண்டு ஒன்று வாங்குவோம் என்று கிளம்பினேன். இந்தக் கட்டுரையில் நான் எழுத நினைக்கும் சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

கூண்டு வாங்குவதில் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதலில் கம்பி இடைவெளி. சின்ன பட்ஜி என்றால் அரை அங்குலம், எங்கள் கிளி அளவுக்கு முக்கால் அங்குலம். அதற்குமேல் போனால் தலையை நுழைத்துவிட்டு இழுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். அடுத்தது கம்பியின் பூச்சு. கிளி ஏறுவதற்கும் அலகைத்தான் பயன்படுத்தும், அதனால் நாள் முழுக்கக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். துத்தநாகம் பூசிய மலிவான கம்பி என்றால் அந்தத் துகள் வயிற்றுக்குள் போய் விஷமாகும். வேறு வழியில்லாதவர்கள் வினிகர் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துகிறார்கள். எவர்சில்வர் கூண்டு உத்தமம், விலை கேட்டால் நமக்கு இளைப்பு வரும். மேலே தூக்கித் திறக்கும் கதவு கழுத்தில் விழலாம், பக்கவாட்டில் திறப்பதுதான் நல்லது. கடைக்காரர்கள் கொடுக்கும் ஒரே பருமனான வழவழப்புக் குச்சி வேண்டாம். எப்போதும் ஒரே இடத்தில் அழுத்தி உள்ளங்காலில் புண் வரும். கொய்யாக் கிளைகளைப் பல தடிமனில் வெட்டி வைக்கலாம். உயரத்தைவிட அகலம் முக்கியம், கிளி ஹெலிகாப்டர் இல்லை, பக்கவாட்டில்தான் பறக்கும். ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கணும், நாலு பக்கமும் திறந்தவெளி என்றால் அதற்குப் பயம். சமையலறை கூடவே கூடாது. நான்ஸ்டிக் சட்டி காய்ந்து தீய்ந்தால் வரும் புகை சில நிமிஷங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

கடையில் இருந்த பையனிடம் இதையெல்லாம் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அண்ணே, ஹால்ல வைக்கப் போறீங்களா, வெளிய வைக்கப் போறீங்களா? உங்க சோபா என்ன கலரு?" என்றான்.

அவன் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. பொருத்தமான கூண்டு என்றால் யாருக்குப் பொருத்தம் என்பதை அவன் தெளிவாக வைத்திருந்தான். குழம்பியிருந்தவன் நான்தான். என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கழுத்து மாட்டாமல், விஷம் ஏறாமல், கால் புண்ணாகாமல், புகை படாமல். எல்லாமே அதற்கு என்ன ஆகிவிடக் கூடாது என்பதைப் பற்றியவை. அது என்ன செய்ய முடியணும் என்று ஒரு வரிகூட இல்லை.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டங்கள் மெதுவாகத்தான் கண்டுபிடித்திருக்கின்றன. 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் தலைமையிலான குழு, பண்ணை விலங்குகளைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்ய, கைகால் நீட்ட, இவ்வளவாவது ஒரு விலங்கால் முடிய வேண்டும் என்றது. 1981இல் அந்த நாட்டுச் சட்டம், இறக்கையைத் தாராளமாக விரிக்க முடியாத கூண்டில் பறவையை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. கோழிக்கு விதிவிலக்கு, சட்டம் எழுதியவர்களுக்கும் மதியச் சாப்பாடு வேண்டுமே. 2015இல் டில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், வானத்தில் பறப்பது பறவைகளின் அடிப்படை உரிமை, அவற்றைக் கூண்டில் அடைக்க மனிதருக்கு உரிமை இல்லை என்று கருத்துச் சொன்னது. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால் என் கையில் இருந்த பட்டியலே அபத்தம். சிறைச்சாலைக்கு நல்ல காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

அன்றைக்கு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். "பேசாம தொறந்து விட்டுடலாமா?" என்று பாட்டியிடம் கேட்டேன்.

பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். 1948 ஜூன் 16 அன்று அந்த வட்டாரத்தில்தான் மூன்று துரைமார்கள் சுடப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. பாட்டிக்கு அப்போது எட்டு வயது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்த பிறகு, காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த சீனர்கள் லட்சக்கணக்கில் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத்து லயங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காலையில் பால்வெட்டப் போகும்போது கேட்டில் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது. வேலிக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான், உங்கள் பாதுகாப்புக்கு.

வேலிக்குள் தண்ணீர்க் குழாய் வந்தது, டிரெஸ்ஸர் வந்தார் என்று பாட்டி சொல்வாள். அதுவும் உண்மைதான். "கம்பி நல்ல கம்பிதான். தொரை ஒண்ணும் மட்டமான கம்பி போடல" என்பாள். கிண்டலா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் எழுதுகிறவன் அல்லவா, கிளியையும் லயத்தையும் உடனே ஒன்றாக முடிச்சுப் போட்டேன். கூண்டைப் பற்றி நான் தேடிப் படித்ததையும் அவசரகாலத்தைப் பற்றிப் படித்ததையும் கலந்து பாட்டியிடம் உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க என்ன கிளியாடா?" என்றாள். "நாங்க சங்கத்துல சேர்ந்தோம். சம்பளம் கேட்டோம். வேலிக்குக் கீழ குழி தோண்டி ரெண்டு தடவ ஒங்க தாத்தா சினிமாவுக்குப் போயிட்டு வந்தாரு. கிளி தோண்டுமா?"

பதில் சொல்ல முடியவில்லை. துன்பப்பட்ட மனிதரை விலங்கோடு ஒப்பிடும்போது இரக்கம் என்ற பெயரில் அவர்கள் செய்ததையெல்லாம் அழித்துவிடுகிறோம். கிளிக்கும் அந்த ஒப்பீடு நல்லதில்லை. அதன் கஷ்டம் அதனுடையது, எங்கள் வரலாற்றுக்கு உருவகமாக இருப்பதற்காக அது தன் வாலைத் தேய்க்கவில்லை.

ஆனால் திறந்துவிடுவதைப் பற்றிப் பாட்டி சொன்னதில் தோட்டம் இருந்தது, அவளே கொண்டுவந்தது. "தோட்டத்த வித்தப்போ எங்களையும் தொறந்துதான் விட்டாங்க. எங்க போறதுன்னு யாரும் சொல்லல." ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. 1960இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடப்பட்ட தோட்டங்கள் சிலவற்றைத் தொழிலாளர்கள் பேரிலேயே வாங்கியது. பாட்டியின் தோட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. வேலி போன பிறகு கிடைத்த சுதந்திரம் என்பது ஈப்போவில் நாலாவது மாடியில் ஒரு வாடகை பிளாட்.

கூண்டிலேயே பொரித்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, பருந்தைத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் பயன்படாத சிறகுத்தசை இரண்டு வீடு தாண்டாது. தப்பித்தவறிப் பிழைத்தாலும் அது இந்த நாட்டுப் பறவை இல்லை. நம்ம ஊர்க் கிளிகளுக்கே கூடு வைக்கப் பட்டமரப் பொந்து குறைந்துகொண்டு வரும்போது இது போய் அதற்கும் போட்டி. ஆக, திறந்துவிடுவது என் மனசாட்சிக்குத்தான் விடுதலை. கிளிக்கு அது ஒரு வாரம், அதிகம் போனால்.

தமிழ்நாட்டிலும் இந்தக் குழப்பம் உண்டு. அங்கே பச்சைக்கிளி காட்டுப்பறவை, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் வளர்க்கவே கூடாது. 2024 ஏப்ரலில் தேர்தல் சமயம், கடலூரில் ஒரு கிளி ஜோசியரின் கிளி வேட்பாளரான இயக்குநர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று சீட்டெடுத்தது. அதன் பிறகு வனத்துறை ஜோசியரைப் பிடித்தது. பொழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். கோபப்பட்டவர்களில் எத்தனை பேர் கிளியின் பொழைப்பை யோசித்தார்கள் என்று கேட்கலாம். (ஜோசியம் பலிக்கவில்லை.) மதுரையில் மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்தருகே கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கூண்டுக் கிளிகளுக்கு அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். இப்போது பெயர் இருக்கிறது, கிளிகள் இல்லை. அந்த வெறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள், ஆண்டாள் தோளுக்குத் தினம் ஒரு கிளியை இலையாலும் பூவாலும் செய்துவிடுகிறார்கள்.

எனக்குக் கிடைத்ததோ இலைக்கிளி இல்லை. ஒரு கிளியை வாங்கலாமா என்ற கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இருக்கிறது, வாங்காதே. அந்தப் பதில் எனக்கு உதவாது, ஏனென்றால் நான் வாங்கவில்லை, என்னிடம் வந்து சேர்ந்தது. முன்னால் இருந்தவர் செய்த தப்பு நம் கைக்கு உயிரோடு வந்து சேரும்போது நம் கடமை என்ன? தப்பைத் திருத்த வழியில்லை. நான் செய்யவில்லை என்று கைகழுவவும் முடியாது. மிச்சமிருக்கும் பதினைந்து வருஷத்தை அகலமாக்கலாம், அவ்வளவுதான். இது பெரிய தத்துவம் இல்லை. ஆனால் கடைசியில் கம்பி இடைவெளியைப் பற்றி நான் படித்ததெல்லாம் இங்கேதான் பயன்பட்டது. சிறைக்குக் காற்றோட்டம் பார்ப்பது அபத்தம் என்று எழுதியிருந்தேன். உள்ளே இருப்பவருக்கு அது அபத்தம் இல்லை.

இன்னொன்றும் இருந்தது, அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு அந்தக் கிளி, "எம்மோவ், பசியாறிட்டியா?" என்று கேட்கும். மாமாவின் குரல் அப்படியே, கடைசி எழுத்தில் வரும் அந்த இழுப்போடு. பாட்டி அடுப்படியிலிருந்து, "ஆச்சுய்யா" என்பாள். முதல் தடவை கேட்டபோது என் அம்மா முற்றத்துக்கு ஓடிவிட்டாள். கிளி திறந்துவிடப்படக் கூடாது என்று பாட்டி சொன்ன நியாயங்கள் அத்தனையும் நியாயங்கள்தான், ஆனால் அவள் அவற்றைக் கண்டுபிடித்தது இதற்காக. கிளியின் வயதையும் அவள் வயதையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு நான் அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை.

பின்கட்டில் மாமா வீட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்தேன். ஜன்னலுக்கு எவர்சில்வர் வலை. உள்ளே ஒரு மீட்டருக்கும் அகலமான கூண்டு, 380 ரிங்கிட், கதவு பக்கவாட்டில் திறப்பது, தூங்க மட்டும். மாலை நாலு மணிக்கு மேல் கூண்டுக் கதவைத் திறந்து அறைக்கதவைச் சாத்தி, காற்றாடி சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுகிறோம். கொய்யாக்கிளை பாட்டி வெட்டிக் கொடுத்தது.

பதினொரு நாள் அது வெளியே வரவில்லை. பழைய வட்டக்கூண்டைப் பக்கத்தில் வைத்தபோது அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டாம் நாள் அறையில் சத்தம் கேட்டுப் போனேன். கிளி அலமாரி மேலே இருந்தது, எப்படி இறங்குவது என்று தெரியாமல் கத்திக்கொண்டிருந்தது. பாட்டி கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, தூக்கி எடுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருடா, அதுவா வரட்டும்" என்றாள். இருட்டும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.