தயங்கிய கை



1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘வார் கேம்ஸ்’ என்னும் திரைப்படம் வெளியாயிற்று. அதன் தொடக்கத்தில் அணு ஏவுகணைக் கூடம் ஒன்றில் இரு அதிகாரிகள் இருக்கின்றனர். தாக்குதல் ஆணை வருகிறது. இருவரும் ஒருங்கே சாவியைத் திருப்புதல் வேண்டும். கோடிக்கணக்கான உயிர்களை எண்ணி மூத்தவர் மறுத்துவிடுகிறார். அவ்வாணையோ வெறும் ஒத்திகை. எனினும், பலர் இவ்வாறு தயங்கியதைக் குறைபாடெனக் கருதிய மேலிடத்தார், மனிதரை நீக்கி அப்பொறுப்பைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கின்றனர்.

பின்னர் டேவிட் என்னும் பள்ளி மாணவன் தொலைபேசி வழியே அப்பொறியுடன் இணைந்து, விளையாட்டென்றெண்ணி உலகப் போரைத் தொடங்கிவிடுகிறான். பொறிக்கு விளையாட்டும் மெய்யும் ஒன்றே! முடிவில், ஒன்பது கட்டங்களில் பெருக்கல் குறியும் வட்டமும் இடும் சிறுவர் ஆட்டத்தைப் பன்முறை ஆடி, எவரும் வெல்லாமை கண்டு, போரிலும் ஆடாதிருத்தலே வெற்றி எனத் தெளிகிறது.

இது கற்பனைக் கதை. ஆயின் அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று நள்ளிரவுக்குப் பின் மெய்யாகவே ஒன்று நிகழ்ந்தது. அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருவதாகச் சோவியத் நாட்டுக் கணிப்பொறி அறிவித்தது. பணியிலிருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்னும் அதிகாரி, ஐந்தே ஏவுகணைகளுடன் எவரும் போர் தொடங்கார் என்று சிந்தித்து, அது பொய்யெச்சரிக்கை என மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களின்மீது பட்ட கதிரவன் ஒளியே செயற்கைக்கோளை மயக்கியிருந்தது.

விழிப்பற்ற செயலால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். பொறி விரைந்து கணக்கிடும். ஆனால் அதற்கு உயிர்களின்பால் இரக்கம் இல்லை. தன் செயலுக்கு வருந்தும் மனமும் இல்லை. ஆகவே தயங்கும் கை குறையுடையதன்று, அறமுடையது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க, சீனத் தலைவர்கள் அணு ஆயுத முடிவு மனிதர் கையிலேயே இருத்தல் வேண்டும் என ஒப்புக்கொண்டமை ஆறுதல் தருகிறது.

எனினும், மனிதன் கையில் இருந்தால் மட்டும் போதுமா? அம்மனிதன் அடக்கம் பயின்றவனாதல் வேண்டும். அதற்கான பள்ளி நம் இல்லமே. சினம் எழும்போது ஒரு கணம் பொறுத்து, மனம், வாக்கு, காயம் மூன்றையும் காத்தலே குப்தி. இதைப் பெற்றோர் நாளும் பழகின் பிள்ளைகள் கண்டு கற்பர். பிறரை வென்றவரையன்று, தம்மை வென்றவரையன்றோ நாம் ஜினர் என வணங்குகிறோம்!

அறம் வளர்க!