கொடுக்கும் கையும் வாங்கும் கையும்

 

"போலீஸில் புகார் செய்து என்ன பயன்? காசுள்ளவன் பக்கம்தானே காரியம் நடக்கும்!" கடைத்தெருவில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நேர்மையாக ஊரைக் காக்கும் காவலர்கள் பலர் உண்டு. எனினும், இந்தப் பேச்சு ஏன் பிறந்தது என்று ஆராய வேண்டாமா?

நம் நாட்டிலேயே ஆராய்ந்தார்கள். முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது ஸைதீன் அப்துல்லா தலைமையில் 2004-ல் அமைந்த அரச ஆணையம், 2005-ல் 125 பரிந்துரைகளை வெளியிட்டது. போலீஸ் படையில் லஞ்சத்தை ஒழிப்பதைத் தலையாய பணிகளுள் ஒன்றாக வைத்தது. புகார்களை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்றும் கேட்டது. சுதந்திரப் போலீஸ் நடத்தை ஆணையம் 2023 ஜூலையில்தான் செயல்படத் தொடங்கியது. அதற்கும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை.

ஆனால், சகோதரர்களே, லஞ்சத்துக்கு இரண்டு கைகள் வேண்டும். வாங்கும் கையைக் குறை கூறுகிறோம். கொடுக்கும் கை யாருடையது? சரக்கு லாரியை நிறுத்தினால் 'காப்பிக் காசு' நீட்டுவது யார்? சம்மன் தொகையில் நமக்குச் சில வெள்ளிதான் மிச்சம். கைநீட்டிப் பழகியவரோ, திருட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வரும் ஏழையை எப்படி மதிப்பார்? ஒருமுறை அலைக்கழிக்கப்பட்டவன் மறுமுறை நிலையப் படி ஏறமாட்டான். நாளை நம் கடை உடைபட்டால் சாட்சி சொல்லவும் வரமாட்டான். ஊரின் நம்பிக்கை ஓர் அமானத். அதை விற்றவர்களில் நாமும் சேர்ந்துவிடுகிறோம்.

ஆகவேதான் நாயகம் ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள், லஞ்சம் வாங்குபவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் சபித்தார்கள்.

"பெருநாள் அன்பளிப்புத்தானே!" என்பீர்கள். ஜகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவரும், ஒரு பகுதி தமக்கு வந்த அன்பளிப்பு என்றார். தாய் தந்தையர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். சட்டை மாற்றிய பின்னும் அந்தக் காவலருக்கு நாம் கொடுப்போமா?

அநியாயத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதவனுக்கு இமாம்கள் சிலர் சலுகை கூறியுள்ளனர். நமக்கோ வழி இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி, நம்மிடம் லஞ்சம் கேட்டால் தெரிவிப்பது கடமை. தக்க காரணமின்றித் தெரிவிக்காதவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் உண்டு.

லாபிஸ் வணிகப் பெருமக்களே! லாரிப் பத்திரங்களைச் சரியாக வையுங்கள். தவறினால் சம்மனைக் கட்டுங்கள். கேட்டால் மறுங்கள், புகார் செய்யுங்கள். தனியாகச் செல்ல அஞ்சினால் கூடிச் செல்லுங்கள்.

அல்லாஹுத்தஆலா நம் கைகளைத் தூய்மையாக்கி, நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.