மயக்கம் தெளியும் வேளை



ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும் வேளையில் வியாதிக்காரர் சிலர் கூச்சலிடுவார்கள்; கட்டிலை விட்டு எழுந்தோடப் பார்ப்பார்கள்; கையில் ஏற்றியிருக்கும் ஊசியைப் பிடுங்குவார்கள். ஒருநாளும் கடுஞ்சொல் பேசியறியாத தாய், பெற்ற மகனையே ஏசுவாள். செபமாலையோடு காத்திருந்த வீட்டார் பதறிப்போய், பேய் பிடித்ததோ என்று மந்திரித்த கயிறு தேடுவதும், மனதில் இருந்ததுதானே வாயில் வந்தது என்று வருஷக்கணக்காய் முகங்கொடாமல் இருப்பதும் நம்மிடையே உண்டு.

இரண்டும் தப்பு. மயக்க மருந்து ஒரேயடியாய் நீங்குவதில்லை. உடம்பு முந்தி விழிக்கிறது. புத்தி பின்னால் வருகிறது. அந்த இடைவேளையில் வலியோ, தொண்டையில் குழாயோ, நிறைந்த மூத்திரப்பையோ உறுத்தினால் இன்னதென்று அறியாமலே உடம்பு போராடுகிறது. 2 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம், மூச்சோடு இழுக்கும் செவோஃப்ளுரேன் போன்ற மருந்துக்குப் பின் இது அதிகம். பெரும்பாலும் அரைமணிக்குள் அடங்கிவிடும். பிறகு கேட்டால் நினைவிராது. வயோதிகருக்கு மாத்திரம் சில சமயம் நாட்கணக்கில் குழப்பம் நீளும். அதை டாக்டரிடம் உடனே சொல்லவேண்டும். அவர்களுடைய கண்ணாடியையும் காது மிஷினையும் சீக்கிரம் திருப்பிக் கொடுப்பது நல்லது.

சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்தோமே! அறிவே திரும்பாதவரிடம் சம்மதம் ஏது? சர்வேசுரன் கணக்குக் கேளாத வார்த்தைக்கு மருமகள் கணக்குக் கேட்கலாமா?

கணக்குக் கேட்கவேண்டிய வேளை வேறு. ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்து விசாரிப்பார்: என்ன மாத்திரை, முன்பு மயக்கம் கொடுத்தார்களா, ஆடுகிற பல் உண்டா, குடிப் பழக்கம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பொய் வருகிறது. தினமும் குடிப்பவன் மனைவியின் முன்னிலையில் இல்லை என்கிறான். குடி திடீரென்று நின்றதால் ஓரிரு நாளில் நடுக்கமும் பிதற்றலும் அவனைப் பிடிக்கின்றன. அது உயிருக்கே மோசமாய் முடியலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லத் துணிந்ததை டாக்டரிடம் சொல்லக் கூசுவானேன்? தனியே பேசவேண்டும் என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

குழந்தையை ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாய் ஏமாற்றி அழைத்துப்போகும் பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பயந்து அழுதுகொண்டே தூங்கிய பிள்ளை அலறி விழிப்பது அதிகம். முகத்தில் மூடி வைப்பார்கள், தூங்குவாய், விழிக்கையில் வலிக்கும், அம்மா வருவேன் என்று அதன் வயதுக்கேற்ற பேச்சில் உண்மையைச் சொல்லுங்கள். சேசுநாதர் தம் பாடுகளைச் சீஷர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கவில்லையா? அறிவித்ததால் அவர்கள் பயம் ஒழிந்துவிடவில்லை என்பதும் மெய்யே. ஆனாலும் நடந்தபின் அவர் சொன்னதை நினைத்துக்கொண்டார்கள்.

யாயீர் என்பவனுடைய மகளை அவர் எழுப்பிய விதத்தைப் பாருங்கள். முதலில் கூச்சலிட்ட கூட்டத்தை வெளியேற்றினார். தாய் தகப்பனையும் சீஷர் மூவரையும் மாத்திரம் வைத்துக்கொண்டு, சிறுமியின் கையைப் பிடித்தார். எழுந்தபின் ஆகாரம் கொடுக்கச் சொன்னார். இன்றைக்கு மயக்கம் தெளியும் அறையில் நர்சம்மாள் கேட்பதும் ஏறக்குறைய இதுவே: கூட்டம் வேண்டாம், தெரிந்த குரல் ஒன்று போதும், பலவந்தமாய் அமுக்காதீர்கள், அவள் சொல்லும் வரை வாய்க்கு ஒன்றும் கொடாதீர்கள்.

வலியை ஒளிக்கவும் வேண்டாம். வலி தீர்க்கும் மருந்து கிறீஸ்தவனுக்கு ஆகுமென்று 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1957 பிப்ரவரி 24-ல் மயக்க மருந்து டாக்டர்களுக்கே விளக்கினார்.

கடும் வியாதிக்காக ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே நோயிற்பூசுதல் பெறலாம். அவஸ்தைபூசுதல் என்ற பழைய பெயரைக் கேட்டு நடுங்குகிறவர்கள் இன்னமும் உண்டு. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மாத்திரமல்ல என்று பொதுச்சங்கம் 1963-லேயே சொல்லியாயிற்று. ஆபரேஷன் தேதி தெரிந்தவுடன் பங்குக் குருவிடம் சொல்லுங்கள். முந்தின சாயங்காலம் நற்கருணையும் கொண்டுவருவார்.