வேரோடு பின்னிய களை

வயலில் களை பறிப்பவனுக்கு அறத்தைப் பற்றிய ஐயம் பெரும்பாலும் எழுவதில்லை; நெல் வேறு, புல் வேறு என்பது கண்ணுக்கே தெரிகிறது, அறுவடையோடு இரண்டின் கதையும் முடிந்துவிடுகிறது. கொடியோரைக் கொலையால் ஒறுக்கும் வேந்தனைக் களையெடுக்கும் உழவனுக்கு ஒப்பாகக் கூறிய திருவள்ளுவரும் இளம்பயிர் நிற்கும் நிலத்தையே மனத்திற் கொண்டார். தலைமுறை கண்ட மாமரத்தின் அடியில் கோரை மண்டிவிட்டாலோ, அந்த நியாயம் அப்படியே செல்லுபடியாவதில்லை.

கோரையைப் பிடுங்கினால் தாள் கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். கறுத்து, நாரோடிய தோல் போர்த்து, நசுக்கினால் நறுமணம் வீசும் அக்கிழங்கு (நிலவேம்புக் குடிநீரில் சேரும் சரக்கும் அதுதான்) மெல்லிய தண்டால் அடுத்த கிழங்கோடு கோக்கப்பட்டிருக்கிறது. அத்தொடரைக் கொத்தி அறுத்தாலோ, அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்குகள் தனித்தனியே முளைவிடத் தொடங்குகின்றன. ஆழ வெட்டி எடுத்துவிடலாம் என்றால், மரத்துக்கு ஆகாரம் ஊட்டும் நுண்வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால் மண்வெட்டி முதலில் அவற்றைத்தான் பதம் பார்க்கும்.

ஒன்றைக் காப்பதற்கு, அதனோடு பின்னிப் பிணைந்த தீங்கை நிர்மூலமாக்கியே ஆகவேண்டுமா? சைவ சித்தாந்திகள் இக்கேள்வியை ஆன்மாவைக் குறித்து எழுப்பினார்கள். உயிரின் அறிவை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலம் செம்பிற் களிம்புபோல அநாதியே உயிரைப் பற்றி நிற்பது. அது நித்தியப் பொருள். ஆகையால் முத்தியிலும் ஒடுங்குவது அதன் சக்தியேயன்றி மலம் அடியோடு அழிவதில்லை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். மலம் ஒழிந்தது என்று சொல்லிக் கேட்பவரை மகிழ்விப்பது எளிதாயிருக்க, அவ்வாறு சொல்லாது விட்ட அவர்களுடைய நேர்மை என்னைப் பெரிதும் கவர்கிறது.

கோரையின் சுபாவமும் அவர்களுடைய அந்த முடிவுக்கு இணங்கியே இருக்கிறது. வெயிலில் செழிக்கும் அப்புல், மரம் கிளை பரப்பி அடர்ந்து கவிந்த இடத்தில், தாள் மெலிந்து கிழங்கு வைக்கும் வலிமை குன்றிப்போகிறது. பிளாஸ்டிக் விரிப்பையே துளைத்து வரும் அதன் முளையைச் சருகு மூடாக்கு ஒன்றே தடுத்துவிடாது; மரத்தின் வளர்ச்சிதான் அதை அடக்குகிறது. மலத்தை இருள் என்றும் அருளை ஒளி என்றும் கண்ட ஆசாரியர்கள், இங்கே நிழல் அருளின் தொழிலைச் செய்வது கண்டு புன்முறுவல் பூத்திருப்பார்கள்; உவமை எங்கும் முழுதும் பொருந்துவதில்லை.

எனினும் அடங்கியதை அழிந்ததாக எண்ணலாகாது. புயலில் ஒரு கிளை முறிந்து வெயில் இறங்கினால் அவ்விடத்தில் கோரை மறுபடி தலைகாட்டும். இலைகள் கிழங்குக்கு உணவு சேர்க்க அவகாசம் தராமல், மேலோடு திரும்பத் திரும்பச் செதுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆன்மாவுக்கும் இதே நியதிதான்: 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களுள் இறுதியானது, உடலோடு இருக்கையிலேயே முத்தி பெற்ற சீவன்முத்தனுக்கும் மலத்தைக் கழுவுதலையும், அன்பரோடு கூடுதலையும், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதலையும் விதிக்கிறது.